மாயப் பள்ளிக் கடிதம் லயத்துக்கு வருமா?

2024 ஜூன் 8

அப்புத்தளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"டீச்சர், மகளுக்குப் பதினொரு வயது. ஹரி பொட்டர் முதல் புத்தகத்தை யாரோ கொடுத்துவிட்டார்கள். இரண்டு கிழமையாகச் சோறு தண்ணி மறந்து அதிலேயே கிடக்கிறாள். நானும் நாற்பது பக்கம் பார்த்தேன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் விடுதியில் தங்கி மந்திரக்கோலை ஆட்டுகிற கதை. ஆந்தை கடிதம் கொண்டுவருகிறது. இதில் நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? படிக்கிற ஆசை இருக்கும்போதே நம் மலையக எழுத்தைக் கையில் கொடுக்கலாம் இல்லையா? கோபத்தில் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்கிறேன்."

2024 ஜூன் 9

அண்ணா, அந்த ஆந்தைதான் விஷயமே. நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

திரும்பப் போய், மாயப் பள்ளியில் சேரச் சொல்லி ஹரிக்கு வரும் அந்தக் கடித உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பையனின் பெயர். அதற்குக் கீழே, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அலமாரி. அப்புறம்தான் வீட்டு நம்பர், தெரு, ஊர். அவன் அந்த வீட்டில் எந்தப் பொந்தில் படுக்கிறான் என்பது கடிதம் அனுப்பியவருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு அப்போது பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மாதங்கள். டவுன் நூலகத்தில் எடுத்த ஆங்கிலப் புத்தகம், பக்கத்தில் அகராதி. அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், போய் உட்கார்ந்தேன். மந்திரக்கோல், பறக்கும் விளக்குமாறு ஒன்றுமே அதுவரை வரவில்லை. என்னை நிறுத்தியது அந்த முகவரிதான்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் காம்பராவுக்கு, லயத்து அறைக்கு, முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஊர், அவ்வளவுதான். தபால்காரர் தோட்ட ஆபீஸோடு நின்றுவிடுவார். கிளாக்கர் கட்டைப் பிரித்து டிவிஷன்வாரியாக ஒதுக்குவார். காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக் களத்திலோ கொழுந்து நிறுக்கும் இடத்திலோ கங்காணி பெயரைக் கூப்பிடுவார். எங்கள் டிவிஷனில் மட்டும் நான்கு லெட்சுமி. யார் முதலில் "இந்தா" என்கிறாரோ அவருக்குத்தான் கடிதம். நகைக்கடை அடகுக் கடிதம் வேறு லெட்சுமி கைக்குப் போய், ஒரு சண்டை எட்டு வருஷம் நடந்தது.

கல்வியியற் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு என்னை அழைத்த கடிதம் என் கைக்கு வந்தபோது நேர்முகத் தேர்வு முடிந்து ஆறு நாள். ஆபீஸ் மேசையில் ஏதோ பேரேட்டுக்கு அடியில் கிடந்ததாம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அடுத்த வருஷம் மறுபடி போட்டேன், கிடைத்தது. ஒரு வருஷம் போனது போனதுதான்.

ஆகவே உங்கள் மகள் அந்த ஆந்தையைப் பார்த்துச் சிரிப்பாள், நான் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இரண்டும் படிப்புதான்.

2024 ஜூன் 9, இரவு

ஒன்று விட்டுப்போச்சு. அந்தக் கடிதத்தைப் பையனை வளர்க்கும் சித்தப்பா கிழிக்கிறார், எரிக்கிறார், தபால் பெட்டி வாயை ஆணி அடித்து மூடுகிறார். குடும்பத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறார். கடிதம் விடுவதில்லை. ஹோட்டலுக்குப் போனால் அறை நம்பரோடு வருகிறது. கடைசியில் கடலுக்கு நடுவே ஒரு பாறைக் குடிசை. பையன் தரையில் படுத்திருக்கிறான். உறையில் என்ன முகவரி தெரியுமா? "தரை", அப்புறம் பாறைமேல் குடிசை, அப்புறம் கடல்.

தரையில் படுப்பவனுக்கும் முகவரி உண்டு என்று சொன்ன முதல் புத்தகம் எனக்கு அதுதான். இதை விட்டுவிட்டுக் கதை வெள்ளைக்காரக் கதை என்று சொன்னால் எப்படி?

(சித்தப்பா இல்லை, பெரியம்மாவின் புருஷன். ஆங்கிலத்தில் எல்லாமே 'அங்கிள்'. தமிழில் சொல்லும்போது யார் என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. பையனின் அம்மாவுக்கு அக்காவா தங்கையா என்று முதல் புத்தகத்தில் தேடினேன், எனக்கு அகப்படவில்லை. பெரியம்மா என்றே என் மனசில் பதிந்துவிட்டது, அந்த அம்மாள் போடுகிற சத்தத்துக்கு அதுதான் பொருத்தம்.)

2024 ஜூன் 12

கண்டியிலிருந்து ஒரு தம்பி "கடிதம் சரி, மிச்சம் என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

மிச்சம் கோச்சி, அந்தப் பள்ளிக்குப் போகிற ரயில். செப்டம்பர் முதலாம் தேதி, காலை பதினொரு மணி, ஒன்பதே முக்காலாம் மேடை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போகிற கோச்சி. எங்களுக்கு இது கற்பனையே இல்லை. பொடி மெனிக்கே என்ற எங்கள் மலைநாட்டு ரயிலில் கதவில் தொங்கிக்கொண்டு நாங்களும்தான் பள்ளிக்குப் போனோம். தெமோதரைப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று வெளிநாட்டுக்காரர்கள் கழுத்தில் கோடு போட்ட சால்வையைச் சுற்றிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். ஒன்பது எங்களிடம் இருக்கிறது, முக்கால்தான் இல்லை.

ஆனால் அந்தப் பாதை எதற்குப் போட்டது? முதலில் கோப்பியையும் பிறகு தேயிலையையும் இறக்குவதற்கு. 1885இல் நானுஓயா வந்தது, 1924இல்தான் பதுளை. பிள்ளைகளை ஏற்றுவதற்காக யாரும் மலையைக் குடையவில்லை. கதையில் கோச்சி பிள்ளைகளுக்காகவே ஓடுகிறது. அதுவும் மந்திரம்தான்.

அப்புறம் இல்லம், பள்ளிப் பிள்ளைகளைக் குழுவாகப் பிரிப்பது. நான்கு இல்லம், நான்கு நிறம், மாணவத் தலைவர், புள்ளி கூட்டல், புள்ளி குறைத்தல். இதைப் படிக்கும் சென்னைப் பிள்ளைக்கு விளக்கம் தேவைப்படலாம். இலங்கையில் எந்தப் பிள்ளைக்கும் தேவையில்லை. கூரை ஒழுகும் பள்ளியிலும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூங்கிலில் இல்லம் கட்டிச் சோடித்தவர்கள் நாம். பிரிட்டனிலிருந்து தேயிலைத் துரைமார் வந்த வழியில்தான் அந்த இல்ல முறையும் வந்தது. நம் வீட்டுச் சாமான் போல ஆகிவிட்டது.

குறை என்றால் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம். முதல் புத்தகத்தின் கடைசியில் அந்த அதிபர் செய்வதைப் பாருங்கள். ஸ்லிதரின் இல்லம் 472 புள்ளியோடு முதலிடம். மண்டபம் முழுவதும் அவர்கள் பச்சைக் கொடி. ஹரியின் இல்லமான கிரிஃபின்டோர் 312. சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று ஒரே மூச்சில் 160 புள்ளியைத் தன் செல்ல இல்லத்துக்குக் கொடுத்துக் கொடியை மாற்றிவிடுகிறார். எங்கள் பள்ளியில் இப்படிச் செய்திருந்தால் பெற்றோர் வலயக் கல்விப் பணிமனையில் போய் உட்கார்ந்திருப்பார்கள். நான் இரண்டு வருஷம் இல்லப் பொறுப்பாசிரியை. கயிறு இழுத்தலில் ஒரு புள்ளி விஷயமாக மூன்று மாதம் சக ஆசிரியர் ஒருவர் என்னோடு பேசவில்லை. அந்தப் பச்சைக் கொடிப் பிள்ளைகள் அன்று இரவு எப்படித் தூங்கியிருக்கும் என்று எழுதியவர் ஒரு வரி எழுதவில்லை.

2024 ஜூன் 13

கணக்கு பிழை. 160 இல்லை, 170. 50, 50, 60 என்று மூவருக்குக் கொடுத்ததும் இரண்டு இல்லமும் 472இல் சமம். கடைசிப் பத்து நெவில் என்ற பையனுக்கு. கூட்டாளிகள் பிழை செய்யப் போகிறார்கள் என்று வாசலில் குறுக்கே நின்றதற்காக. அந்தப் பத்துதான் கொடியை மாற்றியது.

கணித டீச்சர் கணக்கில் கோட்டை விட்டது ஒரு பக்கம். மறந்துபோனது அந்தப் பையனை என்பதுதான் எனக்கு வெட்கம். வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவன், எதைத் தொட்டாலும் உடைப்பவன். அப்படி ஒருவனை நானும் பெயர் சொல்லாமல் "டேய் பின்னால" என்றுதான் ஒரு தவணை முழுவதும் கூப்பிட்டிருக்கிறேன்.

ஆக, நியாயம் கெட்ட காட்சிதான். ஆனாலும் அந்தப் பத்துப் புள்ளியை நான் திருப்பி வாங்க மாட்டேன்.

2024 ஜூன் 19

மழை. நான்கு நாளாக மின்சாரம் வந்து வந்து போகிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாலாவது புத்தகத்தை மறுபடி எடுத்தேன். எனக்கு இந்தக் கதையோடு இருக்கிற உண்மையான தகராறு அங்கேதான்.

அந்தப் பள்ளிக் கோட்டையில் விருந்து. தங்கத் தட்டில் சாப்பாடு தானாக வந்து நிறைகிறது. மூன்று புத்தகம் வரை எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை! நாலாவதில்தான் தெரிகிறது, கீழே சமையலறையில் நூற்றுக்கும் மேற்பட்ட வீட்டுக் குள்ளப்பூதங்கள். சம்பளம் இல்லை, லீவு இல்லை, பாத்திரம் துடைக்கும் துணியைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்கு, ஒரே கட்டடத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். நல்ல வேலைக்காரன் என்றால் கண்ணில் படக்கூடாது. எஜமான் ஓர் உடுப்பைக் கையில் கொடுத்தால்தான் விடுதலை.

எங்கள் தாத்தா துரை பங்களாவில் கோக்கி, அதாவது சமையல்காரர். துரை மாறும்போதெல்லாம் ஒரு பழைய கோட்டு அவருக்கு வரும். உடுப்பு கொடுத்தால் விடுதலை என்றால் எங்கள் தாத்தா ஆறு தடவை விடுதலையாகியிருக்க வேண்டும். ஆறு கோட்டும் காம்பராவில் ஆணியில் தொங்கின. மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவர் மறுபடி மேட்டில் ஏறிப் பங்களாவுக்குப் போனார்.

பதினாறு வயதில் படித்தபோது நான் அந்தக் கூட்டாளிகள் மூவரில் ஒருத்தி. முப்பத்தைந்தைத் தாண்டிப் படிக்கும்போது, அந்தக் கோட்டையில் எனக்கு இடம் எங்கே என்று யோசித்தால் மேல் மண்டபத்தில் இல்லை. கீழேதான்.

டொபி என்கிற குள்ளப்பூதத்துக்கு ஹரி காலுறையைக் கொடுத்து விடுதலை செய்யும் இடத்தில் மட்டும் எழுதியவர் விஷயத்தைத் தொட்டார். அப்புறம் விட்டுவிட்டார்.

2024 ஜூன் 20

காலுறை விஷயத்தில் மூன்று பேர் என்னைத் திருத்திவிட்டார்கள். சரிதான். ஹரி நேராகக் கொடுக்க முடியாது, அவன் எஜமான் இல்லை. பழைய டயரி ஒன்றைத் தன் அழுக்குக் காலுறைக்குள் வைத்து எஜமானிடம் நீட்டுகிறான். அந்த ஆள் அருவருத்துக் காலுறையை உருவி வீசுகிறான். டொபி பிடித்துக்கொள்கிறான். விடுதலை கை தவறி விழுந்தது, யாரும் கொடுக்கவில்லை. நான் நினைவில் வைத்திருந்ததைவிட இது நல்ல காட்சி. ஒத்துக்கொள்கிறேன்.

அதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விடுதலையான டொபி பிறகு அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வேலை கேட்டு வருகிறான். அதிபர் கிழமைக்குப் பத்துத் தங்கக் காசும் சனி ஞாயிறு லீவும் தருகிறேன் என்கிறார். டொபி பதறிப்போய்ப் பேரம் பேசிக் குறைக்கிறான்! கடைசியில் கிழமைக்கு ஒரு காசு, மாதத்துக்கு ஒரு நாள் லீவு.

இதைப் படித்துச் சிரிக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு எத்தனை வருஷம் ரோட்டில் இருந்தோம். 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. சம்பளம் வேண்டாம் குறையுங்கள் என்று சொன்ன ஒரு தொழிலாளியை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த நகைச்சுவை எழுதும் அறையிலிருந்து வந்தது, சமையலறையிலிருந்து வரவில்லை.

2024 ஜூன் 27

ஒரு கிழமையாக மனசு கேட்கவில்லை. தாத்தாவை நான் அந்தத் துடைதுணிக் கூட்டத்தோடு நிறுத்தியது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வாசித்துக் காட்டினேன். "அவரப் போயி பூதம்னு எழுதியிருக்கியே" என்றார்.

அம்மா சொன்னது இது. தாத்தாவின் கரமல் புட்டிங்கைச் சாப்பிடவே பக்கத்துத் தோட்டத்துத் துரை வருவாராம். தாத்தா அதை எப்படிச் செய்வது என்று கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை, பாட்டிக்கும்கூட. அவரிடம் போய் "நீ அடிமை" என்று யாராவது சொல்லியிருந்தால் அகப்பையாலேயே அடித்திருப்பார்.

அப்போதுதான் ஹரியின் கூட்டாளி ஹெர்மயனி நினைவுக்கு வந்தாள். குள்ளப்பூதங்களுக்காகச் சங்கம் தொடங்குகிறாள், சட்டையில் குத்தும் சின்னம் செய்கிறாள், உண்டியல் குலுக்குகிறாள். ஐந்தாவது புத்தகத்தில் கம்பளித் தொப்பி பின்னி, குப்பைக்கு அடியில் மறைத்து வைக்கிறாள். கூட்ட வருகிறவர்கள் தெரியாமல் எடுத்தால் விடுதலை ஆகிவிடுவார்கள் என்று. என்ன நடக்கிறது? அவமானம் என்று அவர்கள் அந்தப் பக்கமே வருவதை நிறுத்திவிடுகிறார்கள். டொபி ஒருவனே எல்லாத் தொப்பியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு முழுக் கோபுரத்தையும் கூட்டுகிறான். அவளுக்கு அது தெரியவே தெரியாது.

இது சமையலறையிலிருந்து வந்த நகைச்சுவை. எங்கள் டிவிஷனுக்கு ஒரு தடவை கொழும்பிலிருந்து ஒரு குழு வந்து, கேட்காமலே எல்லா வீட்டுக்கும் கைகழுவும் வாளி கொடுத்தது. தண்ணீர் இல்லை. அம்மா அதில் கோழிக்கு முட்டை வைத்தார்.

ஆகவே 19ஆம் தேதி எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். எழுதியவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. கேட்காமல் விடுதலை கொடுக்க வருபவளை நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கதையை அங்கே முடித்துக்கொண்டதுதான் எனக்குக் குறை.

2024 ஜூலை 3

கொட்டகலைத் தங்கை நீண்ட மறுப்பு எழுதியிருக்கிறார். சுருக்கமாக: கதை அங்கே முடியவில்லை. கிரீச்சர் என்கிற கிழட்டுப் பூதத்தை மரியாதையாக நடத்தியதும் அவன் மாறுகிறான். கடைசிச் சண்டையில் சமையலறைக் கூட்டம் முழுவதும் இறைச்சிக் கத்தியோடு மேலே வந்து சண்டை போடுகிறது. அவர்களைத் தப்பிக்கச் சொல்ல வேண்டும் என்று இன்னொரு கூட்டாளி ரொன் நினைத்த அந்தக் கணத்தில்தான் ஹெர்மயனி அவனை முத்தமிடுகிறாள்.

எல்லாம் சரி. கத்தியோடு மேலே வந்தது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் தங்கச்சி, சண்டை முடிந்து எல்லாரும் களைத்துப்போய் இருக்கும்போது, கதையின் கடைசி அத்தியாயத்துக் கடைசிப் பத்தியில் (பத்தொன்பது வருஷம் கழித்து வரும் பின்கதையை விடுங்கள்) ஹரி என்ன நினைக்கிறான்? படுக்கைக்குப் போக வேண்டும், கிரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டுவருவானா என்று.

ஏழு புத்தகம், பத்து வருஷம். 1997இல் அலமாரிக்குள் கிடந்த பையன் 2007இல் சாண்ட்விச் கேட்கிறான். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு யாரோ பாண் வெட்டியிருக்க வேண்டும்.

2024 ஜூலை 4

"பையனுக்குப் பசிக்கக் கூடாதா டீச்சர்?" என்று ஒருவர். பசிக்கலாம். எழுந்து போய்ச் சமையலறையில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். வழி அவனுக்குத் தெரியும், ஓவியத்தில் இருக்கிற பேரிக்காய்க்குக் கிச்சுக்கிச்சு மூட்ட வேண்டும்.

2024 ஜூலை 7

சிரிப்பதற்கு ஒன்று. மூன்றாவது புத்தகத்தில் கோப்பையின் அடியில் தங்கிய தேயிலையைப் பார்த்து எதிர்காலம் சொல்லும் வகுப்பு. இதை எட்டாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். முதல் வரிசைப் பெண் கை தூக்கினாள். "மிஸ், எங்க வீட்டுல டஸ்ட் தானே."

உண்மை. இலையாகக் கிடந்தால்தான் நாய் தெரியும், சிலுவை தெரியும். நல்ல இலை கப்பலேறி அந்த வகுப்புக்குப் போய்விடுகிறது. நமக்குக் கிடைப்பது தூள், அடியில் சேறுதான் மிஞ்சும். மலையகத்து எதிர்காலம் ஏன் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை என்பது அன்றைக்கு விளங்கியது.

2024 ஜூலை 14

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். கேள்வி கேட்ட அண்ணாவின் மகள் பதினொரு வயதில் டவுன் பள்ளிக்குப் போகிறவள் என்று இப்போது தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

ஹெர்மயனியின் அப்பா அம்மா பல் வைத்தியர்கள். மந்திரம் தெரியாதவர்கள். ஏழு புத்தகத்திலும் அவர்களுடைய சொந்தப் பெயர் வருவதில்லை. புத்தகக் கடையில் ஓரமாக நிற்பார்கள், ரயில் நிலையத்தில் நிற்பார்கள். லீவுக்கு வீட்டுக்குப் போகிறேன் என்பாள், பிறகு போகாமல் கூட்டாளி வீட்டுக்குப் போய்விடுவாள். கடைசிப் புத்தகத்தில், எதிரிகள் கையில் அகப்படாமல் இருக்க வேண்டும் என்று மந்திரத்தால் அவர்களுடைய நினைவிலிருந்து தன்னையே எடுத்துவிட்டு, வேறு பெயர் கொடுத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிடுகிறாள். இரண்டு மூன்று வசனத்தில் சொல்லிவிட்டுக் கதை அடுத்த வேலைக்குப் போய்விடும்.

பாதுகாப்புக்காகச் செய்தாள். தெரியும். கண் கலங்குகிறாள், அதுவும் தெரியும். ஆனால் நான் ஒரு மந்திரமும் தெரியாமல் அதையே செய்திருக்கிறேன்.

உயர்தரத்துக்கு டவுனில் போர்டிங். வீடு எங்கே என்று கேட்டால் ஹட்டன் என்பேன். ஹட்டனிலிருந்து எவ்வளவு தூரம், எந்த டிவிஷன் என்று சொல்ல மாட்டேன். அப்பா என்ன செய்கிறார் என்றால் "எஸ்டேட்டில்" என்பேன். எஸ்டேட்டில் என்றால் கிளாக்கராகவும் இருக்கலாம் அல்லவா. ஒரு சனிக்கிழமை அம்மா வந்தார். அரைப்பேரோடு, அதாவது அரைநாள் சம்பளத்தோடு, மலையிலிருந்து இறங்கி, குளித்து, நல்ல சேலை கட்டித்தான் வந்தார். விரலில் கொழுந்துக் கறை மட்டும் போகவில்லை, அது எந்த சவர்க்காரத்துக்கும் போகாது. முன்வாசலில் கூட்டாளிகள் நின்றார்கள். நான் அம்மாவைப் பின்பக்கக் கேட்டுக்குக் கூட்டிப் போனேன். "இங்கதான் நிழல் இருக்கு" என்றேன். அன்றைக்கு வெயிலே இல்லை.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ரொட்டியும் கட்டுச்சம்பலும் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த தடவை வந்தபோது நான் சொல்லாமலே பின்கேட்டில் வந்து நின்றார்.

மாயப் பள்ளிக்கூடத்துக் கதைகளின் பெரிய கவர்ச்சியே இதுதான்: நீ பிறந்த இடம் உன் இடம் இல்லை, உனக்கென்று வேறோர் இடம் இருக்கிறது, அங்கே உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதைவிட இனிப்பு கிடையாது. எனக்கும் இனித்தது. பிறந்த இடத்தில் இருப்பவர்களை அப்புறம் என்ன செய்வது என்று அந்தக் கதை சொல்லித் தருவதில்லை.

2024 ஜூலை 15

நேற்றையதை அழிக்கலாமா என்று காலையில் நினைத்தேன். இருக்கட்டும்.

கொடுமையாக எழுதிவிட்டேன் என்று இரண்டு பேர் சொன்னார்கள். புத்தகத்தின்மேல் கோபமா என்மேல் கோபமா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. ரொனின் வீட்டையும் சொல்லியிருக்க வேண்டும், அது நியாயம். ஒட்டுப்போட்ட வீடு, ஏழு பிள்ளைகள், பழைய உடுப்பு, பழைய புத்தகம். கையில் பின்னிய கம்பளிச் சட்டையை அந்த அம்மா வருஷாவருஷம் அனுப்புவார். ரொன் அதைப் பார்த்து நெளிவான், ஆனாலும் போட்டுக்கொள்வான். அந்த அம்மா முன்வாசலாலேயே வருவார்.

2024 ஜூலை 21

அண்ணாவின் முதல் கேள்விக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. ஆறு கிழமை ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

கொடுங்கள். முதல் மூன்றையும் தடையில்லாமல் படிக்கட்டும். நாலாவதின் முடிவில் ஒரு பையன் காரணமே இல்லாமல் சாகிறான். அதற்கு ஒரு வருஷம் போகட்டும், அல்லது நீங்களும் கூடவே படியுங்கள். ஐந்தாவது தேவைக்கு மேல் நீளம், நடுவில் இருநூறு பக்கம் தாராளமாகக் கவ்வாத்து வெட்டலாம்.

மலையக எழுத்து? அதையும் கொடுங்கள். ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நான் படித்தவரை நம்முடைய கதைகளில் பதினொரு வயதுக்காரி அழுவதற்கு எல்லாம் இருக்கிறது. அட்டை, மழை, கடன், கப்பலேறியவர்கள். சிரித்துக்கொண்டு இரவு இரண்டு மணிவரை விளக்கை மறைத்து வைத்துப் படிக்க ஒன்று சொல்லுங்கள் என்றால் எனக்குத் தடுமாற்றமாக இருக்கிறது. மலையில் மாயம் இல்லாமல் இல்லை. மார்கழியிலிருந்து வைகாசிவரை சிவனொளிபாத மலையில் விளக்குப் போடுவார்கள். எங்கள் லயத்து இஸ்தோப்பிலிருந்து பார்த்தால் மலை தெரியாது, இருட்டில் விளக்கு வரிசை மட்டும் ஆகாயத்துக்கு ஏறிப் போகும். அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்றுதான் தம்பிக்கு நான் சொல்லி வைத்திருந்தேன். மாசி மாதத்தில் காமன் கூத்து, ராத்திரி முழுக்கத் தப்புச் சத்தம். எல்லாம் இருக்கிறது. பிள்ளைக்கென்று உட்கார்ந்து எழுதத்தான் ஆளில்லை. நான் எழுதலாமே என்கிறீர்களா? எட்டாம் வகுப்பு விடைத்தாள் நூற்றிருபது மேசையில் இருக்கிறது.

பிள்ளைகளை இல்லங்களுக்குப் பிரிக்கும் மாயத் தொப்பியைப் பற்றி உங்கள் மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள், தனக்கு எந்த இல்லம் வரும் என்று. பதினொரு வயதில் தலையில் ஒரு தொப்பியை வைத்து நீ இன்னார் என்று முடிவு கட்டுவது அநியாயம்தான். அந்த அதிபரே கடைசிப் புத்தகத்தில், நாம் பிள்ளைகளை அவசரப்பட்டுப் பிரித்துவிடுகிறோமோ என்று ஓரிடத்தில் சந்தேகப்படுகிறார். ஆனால் நாம் பத்து வயதிலேயே புலமைப்பரிசில் பரீட்சை வைத்து வெட்டுப்புள்ளி போடுகிறோம். அந்தத் தொப்பியாவது பிள்ளையின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்கிறது.

2024 ஜூலை 24

டஸ்ட் தேயிலைப் பெண் இன்று ஒரு காரியம் செய்தாள். முதல் புத்தகத்தின் கடித அத்தியாயத்தை வகுப்பில் முடித்திருந்தேன். தனக்குத் தானே ஒரு கடிதம் எழுதி, உறையோடு வந்து காட்டினாள். முகவரி இப்படி:

அவள் பெயர். தொங்கல் காம்பரா, இஸ்தோப்பில் நீலப் படங்கு காயும் வீடு. ஏழாம் நம்பர் லயம். பிள்ளைக்காம்பராவுக்கு மேலே. அப்புறம் டிவிஷன், தோட்டம், ஊர். (தொங்கல் காம்பரா லயத்தின் கடைசி வீடு. படங்கு கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுவது. பிள்ளைக்காம்பரா குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்.)

உள்ளே என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். "அது எனக்கு வந்த பிறகுதான் மிஸ் பார்க்கணும்" என்றாள். 50 ரூபாய் முத்திரை ஒட்டி நானே ஹட்டன் தபாற்கந்தோரில் போட்டேன். அவள் லயத்துக்கும் ஹட்டனுக்கும் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்.

2024 ஜூலை 30

இன்னும் வரவில்லை. ஆந்தை நனைந்துவிட்டதாக வகுப்பில் பேச்சு.

2024 ஆகஸ்ட் 4

வந்துவிட்டது. ஒன்பது நாள். வெள்ளிக்கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவளுடைய அம்மா பெயரைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு உறையை எடுத்து வந்தாள், பிரிக்காமல். ஓரம் ஈரத்தில் ஊறிக் காய்ந்திருந்தது. தோட்டத்தின் பெயரைச் சிவப்பு மையால் யாரோ வட்டம் போட்டிருக்கிறார்கள், அது ஆபீஸ் வழக்கம். ஆனால் மேலே, 'நீலப் படங்கு காயும் வீடு' என்பதற்குக் கீழே பென்சிலால் மெல்லிதாக ஒரு கோடும் இருந்தது.

யார் போட்டது என்று அவளுக்கும் தெரியாது. உள்ளே என்ன இருந்தது என்று எனக்குக் காட்டவில்லை.